ரீடேக் இல்லாத படத்துக்குத் தனி வழி வேண்டும்: தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குத் திறந்த மடல்

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

2021 ஏப்ரலில் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கலைக்கப்பட்டது. 1948 முதல் இயங்கிவந்த, வெளியிலிருந்த சுயேச்சை இயக்குநர்களுக்கும் படம் எடுக்க வாய்ப்பளித்த, அரசின் ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன், 2022 மார்ச்சில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. 2024 மார்ச்சில் புதிய சான்றளிப்பு விதிகள் வந்தன. பார்வையாளரின் வயதை 7, 13, 16 என்று பிரித்த அந்தத் திருத்தம், திரையில் தெரிவது நடிப்பா, நடந்ததா என்று பிரிக்கவில்லை. ஆவணப்படத்தைச் சோதிக்கும் முறை வேறாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த நான்கு மாற்றங்களில் ஒன்றிலும் இல்லை. இதை இனியும் பேசாமல் ஏற்றுக்கொள்ள எங்களால் முடியாது.

சுயேச்சை ஆவணப்படம் எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களுக்கான விதிகள் எழுதப்பட்ட விதத்தைப் பார்த்தால், அது தெரிந்து எழுதியதாகத் தோன்றவில்லை. களத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டு பேர், ஒருவர் கேமராவில், ஒருவர் ஒலியில். இயக்குநரே கேமராவைத் தூக்குவதும் வழக்கம். ஒரு மணி நேரப் படத்துக்கு 60 மணி நேரம் எடுத்திருப்பது சாதாரணம். ஒரு குடும்பத்தையோ போராட்டத்தையோ மூன்று நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தால் 200 மணி நேரத்தைத் தாண்டிவிடும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் பிடிக்கும். 200 மணி நேரத்துக்கு 9 டெராபைட். ஒரு ஹார்டு டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் போகும் என்பதால் குறைந்தது இரண்டு படிகள் வைக்க வேண்டும், ஆக 18 டெராபைட். இந்தச் செலவுக்குப் பின்னால் தயாரிப்பாளர் கிடையாது. சேமிப்பு, சிறு நல்கைகள், கல்யாண வீடியோவும் நிறுவனப் படங்களும் எடுத்துக் கிடைத்த கூலி, நண்பர்களிடம் திரட்டிய பணம், இவைதான். எடிட்டிங், கலர் கரெக்ஷன், சவுண்ட் மிக்சிங் முடியும்போது கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியத்திடம் விண்ணப்பம் தொடங்குவது அந்த நிலையில்தான்.

கதைப்படத்துக்கு வசனப் பிரதி படப்பிடிப்புக்கு முன்பே தயாராக இருக்கும். எங்களிடம் பிரதி கிடையாது. மக்கள் பேசியதைப் படம் முடிந்தபின் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். வட்டார வழக்கில், ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடும் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கப் பழகிய தட்டச்சருக்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும். இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பெரும்பாலான ஆவணப்படங்கள் விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கப்படுகின்றன. திரையரங்கில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் கோப்புத் தொகுப்பான டி.சி.பி. வழக்கமாக 24 ஃபிரேம். ஃபிரேம்களை அப்படியே வைத்து மாற்றினால் 60 நிமிடப் படம் 62 நிமிடம் 30 விநாடியாக நீளும். குரல் கொஞ்சம் கனக்கும். எழுதிக் கொடுத்த பிரதியில் உள்ள டைம்கோட் என்ற நேரக்குறி ஒன்றுகூடத் திரையில் ஓடுவதோடு பொருந்தாது. இது தெரியாமல் முதல் விண்ணப்பத்திலேயே மாட்டிக்கொள்ளும் இளைஞர்கள் ஏராளம். கூடுதல் கட்டணம் கட்டினால் முன்னுரிமை கிடைக்கும் வசதியைப் புதிய விதிகள் தந்திருக்கின்றன. அந்தக் கட்டணம் கட்டும் நிலையில் எங்களில் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டும்.

இவற்றையெல்லாம் சிரமம் என்று சகித்துக்கொள்ளலாம். எங்களால் ஏற்க முடியாதது வெட்டும் மியூட்டும்தான்.

கதைப்படத்தில் ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால் நடிகரை டப்பிங் அறைக்கு அழைக்கலாம். அங்கே வசனம் ஒரு தடத்திலும் சூழல் ஒலி இன்னொன்றிலும் இசை வேறொன்றிலும் இருக்கும். வசனத் தடத்தில் அரை விநாடியை நீக்கி வேறு சொல்லை வைத்தால் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆவணப்படத்தில் பேசுபவரின் சட்டையில் ஒரு லேப்பல் மைக், கேமரா மேல் ஒரு ஷாட்கன் மைக். இரண்டிலும் அவர் குரலோடு தெருவும், பின்னால் அழும் குழந்தையும், காற்றும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். சொல்லை மியூட் செய்தால் தெருவும் சேர்ந்து அறுந்துவிடும். பார்வையாளர் காதில் அது பள்ளமாக விழும். அந்த இடத்தின் வெற்று ஒலியை 30 விநாடியாவது தனியே பதிந்து வைத்திருந்தால் பள்ளத்தை ஓரளவு நிரப்பலாம். கூட்டத்தோடு ஓடிக்கொண்டே எடுத்த காட்சியில் அதற்கு அவகாசம் இருக்காது. நிரப்பினாலும் உதட்டசைவு காட்டிக்கொடுக்கும். பேசியவரைத் திரும்ப அழைத்து வேறு சொல்லால் பேசச் சொல்லவும் முடியாது. அப்படிச் செய்தால் அது சாட்சியத்தைத் திருத்துவது. அவர் இறந்துபோயிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சாதிப் பெயரைச் சொல்லி வைதார்கள் என்று ஒரு பெண் கேமரா முன் சொல்கிறார் என்று வையுங்கள். என்ன சொல்லி வைதார்கள் என்பதுதான் அவருடைய சாட்சியம். மக்கட்குழுக்களை இழிவுபடுத்தும் சொற்கள் இடம்பெறக் கூடாது என்று சான்றளிப்புக்கான 1991 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்த நெறி இழிவைத் தடுக்க வந்தது. எழுத்துக்கு எழுத்து இதை ஆவணப்படத்தில் பொருத்தும்போது, இழிவுக்கு ஆளானவரின் வாய்தான் அடைக்கப்படுகிறது. வைதவருக்கு அது பாதுகாப்பாகிவிடுகிறது. கதைப்படத்தில் அதே வசை ஓர் எழுத்தாளர் எழுதி ஒரு நடிகர் சொன்னது. இங்கே அது நடந்தது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

ஒரு வெட்டு எவ்வளவு வேலை வைக்கும் என்பதையும் குறிப்பிட வேண்டும். நான்கு விநாடி எடுக்கச் சொன்னால், எப்போதோ மூடிவைத்த எடிட்டிங் கோப்பைத் திறக்க வேண்டும். மென்பொருளின் பதிப்பு மாறியிருந்தால் பழைய டைம்லைன் சிதறித் திறக்கும். இடைப்பட்ட மாதங்களில் வட்டின் பெயரோ கோப்புறையோ மாறியிருந்தால் ஒவ்வொரு துண்டையும் மீண்டும் இணைக்க வேண்டும். வெட்டிய இடத்துக்குப் பின்னால் வரும் சப்டைட்டில்கள் அனைத்தும் நான்கு விநாடி முன்னே நகர வேண்டும். ஒலிக்கலவையில் அந்த இடத்தில் இரண்டு காட்சிகளின் ஒலி ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தால் கலவையைத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு டி.சி.பி.யைப் புதிதாகச் செய்து முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். எடிட்டர் இதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

பீடிக்கு வருவோம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவர் பேச்சின் நடுவே பீடி பற்றவைக்கிறார். அவரிடம் ‘அதைக் கீழே போடுங்கள், மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்டால் பேச்சு செத்துவிடும். புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் கீழான விதிகளின்படி, படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி விளம்பரப் படங்கள், அதேபோல் இருமுறை 20 விநாடி அறிவிப்பு, பீடி தெரியும் நேரம் முழுவதும் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் எல்லாம் வர வேண்டும். மொத்தம் 100 விநாடி. 26 நிமிடப் படத்தில் அது ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு. இடைவேளையே இல்லாத அந்தச் சிறு படத்தை நடுவில் பிளந்து வைக்க வேண்டியிருக்கிறது. அடியில் எச்சரிக்கை வரும் இடத்தில்தான் எங்கள் சப்டைட்டிலும் இருக்கிறது. ஆகவே அந்தக் காட்சிக்கு மட்டும் சப்டைட்டிலை மேலே தூக்கினால் அது பேசுபவரின் முகத்தில் விழுகிறது. புகையிலையின் தீங்கை விளக்குவதற்கென்றே எடுத்த ஆவணப்படங்களுக்கு விதியிலேயே விலக்கு உண்டு. கூலித் தொழிலாளியின் வாழ்க்கையைக் காட்டும் படத்துக்கு இல்லை. இது சுகாதாரத் துறையின் விதி என்பது தெரியும். அதை எங்களிடம் கேட்கும் இடம் உங்களுடையது.

மாட்டின் கதையும் இதேதான். நடிக்கவைக்கப்படும் விலங்குகளுக்கான 2001 விதிகள் நல்ல நோக்கத்தில் வந்தவை. கதைப்படத்தில் மாடு வாடகைக்கு வருகிறது, அதை ஓட்டுகிறார்கள், விழவைக்கிறார்கள். அதற்கு விலங்குகள் நல வாரியம் முன் அனுமதி கேட்பதில் பொருள் இருக்கிறது. ஆவணப்படத்தில் மாடு தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்று சாயங்காலம் எந்த மாடு எந்தச் சந்தில் குறுக்கே வரும் என்று முன்கூட்டியே யாரிடம் அனுமதி வாங்குவது? முன்பு சென்னையில் இருந்த அந்த வாரியத்தின் தலைமையகம் இப்போது ஹரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது. மேய்ச்சலை நம்பி வாழும் மக்களைப் பற்றிய படத்தில் ஒவ்வொரு காட்சியிலும் ஆடு மாடு இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் படம் இல்லை.

இவ்வளவும் கடந்து சான்று வாங்கினாலும் படம் ஓடப்போவது எங்கே? 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்களில் முன்சான்று தேவையில்லை. வயது வகையைத் தளமே குறித்துக்கொள்ளலாம். 2023-இல் ஆஸ்கர் வென்ற குறும் ஆவணப்படம் நம் முதுமலை யானை முகாமைச் சுற்றி எடுக்கப்பட்டது. மக்கள் அதைப் பார்த்தது ஓடிடியில்தான். எங்கள் படத்தை நாங்களே யூடியூபில் ஏற்றினாலும் யாரும் சான்று கேட்பதில்லை. உலகம் முழுதும் கைப்பேசியில் பார்க்கலாம். அதே படத்தை ஒரு நூலகக் கூடத்தில் ஐம்பது நாற்காலி போட்டு, ப்ரொஜெக்டர் வைத்து, வெள்ளைத் துணி கட்டிக் காட்டப் போனால் ‘சென்சார் சர்டிஃபிகேட் எங்கே?’ என்ற கேள்வி வருகிறது. சுயேச்சை ஆவணப்படம் உயிரோடு இருப்பது இந்தத் திரையிடல்களில்தான். கல்லூரி வகுப்பறை, தொழிற்சங்க அலுவலகம், திரைப்படச் சங்கம், ஊர்ப் பொதுக்கூடம். அடுத்த படத்துக்கான பணமும் பார்வையாளர்களும் இங்கிருந்துதான் கிடைக்கிறார்கள். தடை எழுத்தில் வருவது அரிது. திரையிடலுக்கு ஒரு மணி நேரம் முன்பு கூடத்தின் உரிமையாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போகும். அவர் சாவியைக் கொடுக்க மாட்டார். எழுத்து இல்லாததால் வழக்குப் போடவும் எங்களிடம் எதுவும் இருக்காது. சட்டம் தெளிவில்லாமல் இருப்பதுதான் இதற்கு இடம் கொடுக்கிறது. எது பொதுத் திரையிடல், எது அழைப்பாளர்களுக்கானது என்பதை மாவட்டத்தில் உள்ள ஒவ்வோர் அதிகாரியும் தம் விருப்பப்படி முடிவு செய்கிறார்.

திரைப்பட விழாக்களுக்கு நீங்கள் சான்று விலக்கு அளிக்கிறீர்கள். அது அந்த விழாவுக்கு மட்டும், அந்தப் பட்டியலுக்கு மட்டும். அடுத்த மாதம் அடுத்த ஊரில் அதே படத்துக்கு மறுபடி முதலிலிருந்து. பட்டியலிலிருந்து ஒரு படம் விலக்கப்பட்டால் அதன் இயக்குநருக்கு நேரடியாகக் காரணம் தெரிவிக்கப்படுவதில்லை, விண்ணப்பித்தது விழா என்பதால். 2017-இல் கேரளத்தின் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று ஆவணப்படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது எல்லோரும் அறிந்தது. அதற்கு முன், 2004 மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றோடு வர வேண்டும் என்ற நிபந்தனை வந்து, ஆவணப்படக் கலைஞர்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பிறகு தேர்விலேயே பல படங்கள் ஒதுக்கப்பட்டபோது, விழா நடந்த அதே நாள்களில் அவர்கள் ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவை நடத்த வேண்டியதாயிற்று. விழாப் படங்களுக்குச் சான்று வேண்டுமா என்ற கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நிலையான விடை தரப்படவில்லை.

தீர்ப்பாயம் கலைக்கப்பட்டதை முதல் வரியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் முன்தணிக்கை செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது ஓர் ஆவணப்படத்தின் பொருட்டு. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே காட்டிய தம் குறும்படத்துக்காக இயக்குநர் கே.ஏ.அப்பாஸ் தொடுத்த வழக்கு அது. 1970-இல் வந்த தீர்ப்பு தணிக்கை செல்லும் என்றது. ஆனால் சான்றளிக்கக் காலவரம்பு வேண்டும், மேல்முறையீடு அரசிடம் போகாமல் நீதிமன்றத்துக்கோ சுதந்திரமான தீர்ப்பாயத்துக்கோ போக வேண்டும் என்ற இரண்டு குறைகளையும் தீர்க்கச் சட்டம் கொண்டுவருவதாக அரசு அந்த வழக்கில் உறுதியளித்தது. அதன் பலனாக 1983-இல் தீர்ப்பாயம் அமைந்தது. ஒரு படைப்பாளி வழக்கறிஞரை வைக்காமலேயே தம் படத்தைக் காட்டி வாதாடக்கூடிய இடமாக அது இருந்தது. இப்போது உயர் நீதிமன்றம் போக வேண்டும். கோடிகளில் எடுத்த கதைப்படத்துக்கு வழக்குச் செலவு ஒரு வரி. எங்களுக்கு அது அடுத்த படத்தின் மொத்தச் செலவு. அதனால்தான் எங்களில் பலர் சான்று மறுக்கப்பட்டதும் வழக்குக்குப் போகாமல் படத்தை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். சிலர் விண்ணப்பிப்பதே இல்லை.

திருத்தத்தில் நல்லதும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. சான்று பத்தாண்டில் காலாவதியாகும் நிலை போய், நிரந்தரமாகியிருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் மெல்ல மெல்லப் பயணிக்கும் ஆவணப்படங்களுக்கு இது உண்மையாகவே உதவும்.

ஆவணப்படம் என்ற சொல் சட்டத்துக்குப் புதிதுமில்லை. 1952 ஒளிப்பதிவுச் சட்டத்தின் 12(4) பிரிவு, யூனியன் பிரதேசங்களுக்கான பகுதியில், கல்விப் படங்களும் ஆவணப்படங்களும் திரையிடப்படப் போதிய வாய்ப்புக் கிடைக்குமாறு திரையரங்குகளுக்கு ஆணையிடலாம் என்கிறது. வாய்ப்புக் கொடுக்கும் இடத்தில் எங்களை அடையாளம் கண்ட சட்டம், சோதிக்கும் இடத்தில் காணவில்லை. 2021, 2022 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் கான் விழாவின் ஆவணப்பட விருதான ‘தங்கக் கண்’ இந்தியப் படங்களுக்குக் கிடைத்தது. அவ்வகைப் படங்களைத் திரையரங்கில் பார்க்க இந்த நாட்டின் எந்தச் சிற்றூரிலும் வழியில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

ஆவணப்படத்துக்குத் தனிச் சான்று முறை ஏற்படுத்துங்கள். நடந்ததை நடந்தபடி எடுத்தது என்று இயக்குநர் கையெழுத்திட்ட உறுதிமொழி அளித்தால், சான்றிதழ் வாரியம் வயது வகையை மட்டும் குறிக்கட்டும். வெட்டு, மியூட், ப்ளர் வேண்டாம். வாரியம் வெட்டுதலை விட்டு வகைப்படுத்துதலோடு நிற்க வேண்டும் என்று நீங்கள் அமைத்த ஷியாம் பெனகல் குழு 2016-இலேயே கூறியிருக்கிறது. சட்டப்படி ஒரு காட்சி இருக்கவே முடியாது என்று கருதினால், எந்தப் பிரிவின் கீழ், எந்த விநாடியில் என்று எழுத்தில் தாருங்கள். ஆவணப்படத்தைப் பார்க்கும் குழுவில் அந்தப் படத்தின் மொழி தெரிந்த ஒருவரும், ஆவணப்படம் எடுத்த ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும்.

இருநூறு பேருக்கு உட்பட்ட, கட்டணமில்லாத திரையிடல்களுக்கு ஓடிடிக்கு உள்ள அதே சுயவகைப்பாட்டை அனுமதியுங்கள். அதைத் தெளிவாகச் சொல்லும் சுற்றறிக்கையை மாநில அரசுகள் வழியாக மாவட்ட ஆட்சியர்களுக்கும் காவல் துறைக்கும் அனுப்புங்கள். ஒரு கூட உரிமையாளர் கையில் அதன் நகல் இருந்தாலே எங்கள் பாதிச் சிக்கல் தீரும்.

சுகாதாரத் துறையோடு பேசி, நடிப்பில்லாத காட்சிகளுக்குத் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை அட்டை போதும் என்று விதியைத் திருத்துங்கள். விலங்குகள் விஷயத்தில், எந்த உயிரையும் நடிக்கவைக்கவோ துன்புறுத்தவோ இல்லை என்ற இயக்குநரின் உறுதிமொழியை ஏற்றுக்கொள்ளுங்கள். பொய்யென்று தெரிந்தால் தண்டியுங்கள்.

விழா விலக்கைப் படத்துக்கே வழங்குங்கள். ஒருமுறை பெற்றால் இரண்டு ஆண்டுகளுக்கு நாடெங்கும் எந்த விழாவிலும் செல்ல வேண்டும். மறுத்தால் இயக்குநருக்கு நேரடியாகக் காரணம் எழுதுங்கள்.

தீர்ப்பாயத்தையோ அதற்கு இணையான சுதந்திரமான அமைப்பையோ மீண்டும் ஏற்படுத்துங்கள். 30 நாளில் தீர்ப்பு, ஆவணப்படத்துக்குக் கட்டணமின்மை, காணொளி வழி விசாரணை, இந்த மூன்றும் அதில் வேண்டும்.

தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தில் ஆவணப்படத்துக்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, எந்தெந்த மொழிகளில் யாருக்குப் போனது என்பதை ஆண்டுதோறும் தனிக் கணக்காக வெளியிடுங்கள். 12(4) பிரிவை யூனியன் பிரதேசங்களில் நடைமுறைப்படுத்தி, வாரத்தில் ஒரு காட்சியாவது ஆவணப்படத்துக்கு ஒதுக்கச் செய்யுங்கள். மாநிலங்களையும் அவரவர் சட்டப்படி அதையே செய்யக் கேளுங்கள்.

விதிகளைத் திருத்தும் அடுத்த வரைவை வெளியிடும் முன்பு, சென்னை உட்பட வாரியத்தின் ஒன்பது மண்டல அலுவலகங்களிலும் ஆவணப்படக் கலைஞர்களை அழைத்து அந்தந்த மொழியிலேயே கருத்துக் கேளுங்கள். இக்கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்பதை 60 நாளுக்குள் எழுத்தில் பொதுவெளியில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
சுயேச்சை ஆவணப்பட இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள், ஒலிப்பதிவாளர்கள், படத்தொகுப்பாளர்கள்